மாநாட்டுக்கு வருவோர் யாழ்நகரைக் காணும் வகை

மாநாட்டுக்கென்று ஓர் ஊருக்கு வருபவர் அவ்வூரைக் கண்டு செல்வது அரிது. வந்து இறங்குவது ஓரிடம். தங்குவது ஒரு விடுதி. பேசுவது ஒரு மண்டபம். வந்த நாள்கள் யாவும் இம்மூன்றுக்கும் இடையிலேயே கழிந்துவிடுகின்றன. கழுத்தில் தொங்கிய பெயரட்டையைக் கழற்றிவிட்டு வீடு திரும்பியவரிடம், "யாழ்ப்பாணம் எப்படி?" என்று வீட்டார் வினவினால், மண்டபத்தைப் பற்றியும் மதிய உணவைப் பற்றியும் சொல்ல அவருக்குச் செய்தி உண்டு, ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நூலின் அட்டையைக் கண்டவர் நூலைக் கற்றவர் ஆகார்.

யாழ்ப்பாணம் மாநாடுகளுக்குப் புதிய ஊர் அன்று. வீரசிங்கம் மண்டபம், பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு, இந்திய அரசின் உதவியோடு எழுந்து 2023 ஆம் ஆண்டு கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையம் ஆகிய இடங்களில் ஆய்வாளரும் ஆசிரியரும் மருத்துவரும் வணிகரும் கூடுகின்றனர். இத்தகையோர்க்கு இவ்வூரவர் சொல்லக்கூடியவை சில உள. அவை சுற்றுலாக் கையேட்டில் காணப்படுவனவற்றினும் சற்று வேறானவை. கையேடு இடங்களைக் காட்டும். ஊரவரோ அவ்விடங்களில் நடந்துகொள்ளும் முறையையும் காட்டுவர்.

முதலில் வரும் வழி. கொழும்பிலிருந்து யாழ்தேவி என்னும் புகையிரதம் 1956 ஆம் ஆண்டு முதல் ஓடிற்று. போரின் காரணமாக 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட அவ்வண்டி, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ். நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் பலர், புகையிரதத்தைப் படத்தில் மாத்திரமே கண்டவர்கள். ஆதலின் நேரமுள்ளவர்கள் புகையிரதத்திலே வருவது நன்று. பகற்பயணத்தில், ஆனையிறவைக் கடக்கும்போது இருபுறமும் நீரும் உப்பளமும் விரியும்; குடாநாடு என்பது யாது என்பதை நிலப்படத்தினும் தெளிவாக அக்காட்சி உணர்த்தும். இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து வருவோர், 2019 இல் சர்வதேச விமான நிலையமாகிய பலாலியில் நேரே இறங்கும் வசதியும் உண்டு.

அடுத்தது பருவம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக்காற்றோடு மழை பெய்யும். ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும்; வெயில் கடுமையாயினும் காற்று அதனைத் தணிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள காலமே வெளியூரார் உடலுக்கு இதமானது. நல்லூர்த் திருவிழா நடைபெறும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருவோர், தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்யாவிடில் அல்லற்படுவர். அவ்விருபத்தைந்து நாள்களிலும் உலகின் பல பாகங்களில் வாழும் யாழ்ப்பாணத்தவர் தாயகம் திரும்புவது வழக்கம்.

வந்தவர் முதலில் அறிய வேண்டியது இந்நிலத்தின் நீரைப் பற்றியே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு எனப் பெயர் பெற்றதும் மாரியில் மாத்திரமே நீரைக் காண்பது. நிலத்தின் அடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தேங்குகிறது. அந்நன்னீர், பக்கங்களிலிருந்து புகுந்து கிடக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும். ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் இனிப்பதில்லை. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் இவ்வியல்பைக் காணலாம். அங்கே மேல்நீர் நன்னீர். ஆழத்து நீரோ உப்பு. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே நீருக்கு அளவாயிருந்தது. இயந்திரம் வந்த பின்னர் அவ்வளவு மனிதனின் மனச்சான்றைப் பொறுத்ததாயிற்று. விடுதியின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் விருந்தினர், தோட்டக்காரர் ஒருவரின் கிணற்றிலிருந்தும் நீர் எடுக்கிறார் என்பதை நினைவில் இருத்துவாராக. இந்நிலத்துக்கு விருந்தினர் செய்யக்கூடிய முதலாவது மரியாதை நீரை அளந்து பயன்படுத்துவதே.

இரண்டாவது மரியாதை பேச்சைச் செவிமடுத்தல். தமிழ் அறிந்து வருவோரும் முதல்நாள் சிறிது தடுமாறக் கூடும். இங்கே மக்கள் பேசுவதில்லை, கதைக்கிறார்கள்; அழகு என்பதை வடிவு என்பர்; விரைவாக என்பதைக் கெதியாக என்பர். வீட்டு வாயிலின் கதவு படலை; சிறுதெரு ஒழுங்கை; தேநீர் தேத்தண்ணீர். "வாருங்கோ, இருங்கோ" என்ற அழைப்பு முதியோரிடமிருந்து மாத்திரமன்றிச் சிறுபிள்ளையிடமிருந்தும் வரும். மொழியாய்வாளர் கவனிக்கத்தக்க ஒன்றும் இங்கு உண்டு. இலக்கணம் கூறும் அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகளுள், உகரச்சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கிழந்தது. யாழ்ப்பாணத்துச் சந்தையிலோ அது இன்றும் உயிரோடு உலவுகிறது. கேட்பவரின் அருகே இருக்கும் பொருள் "உது". அவர் நிற்கும் இடம் "உங்கே". மாநாட்டில் கட்டுரையாக வாசிக்கப்படும் இலக்கணச் செய்தியை, மீன் விற்கும் பெண்மணியின் வாயிலிருந்து இலவசமாகவே கேட்டுச் செல்லலாம்.

ஆகவே ஒரு நாளாவது வைகறையில் எழுந்து சந்தைக்குப் போவது தகும். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிகள் குவிந்திருக்கும். குருநகரிலும் பாசையூரிலும் இரவு முழுதும் கடலில் நின்றவர்கள் கரைக்கு வருவார்கள். ஆழங்குறைந்த பரவைக்கடலில் மீன் நண்டு இறால் ஆகியன பிடிக்கப்படுகின்றன. அங்கே படம் எடுக்க விரும்புவோர் முதலில் வணக்கம் சொல்லிக் கேட்க வேண்டும். உழைப்பவர் ஒருவரைக் காட்சிப்பொருளாகக் கருதுவதும் அவரோடு இரண்டு வார்த்தை கதைப்பதும் ஒன்றல்ல.

உணவைப் பொறுத்தவரை விடுதியின் பட்டியலை மாத்திரம் நம்பியிருத்தல் இழப்பாகும். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் புட்டும் மீன்குழம்பும் இவ்வூரின் இயல்பான உணவுகள். ஒடியற்கூழ் என்பது தனிச்சிறப்புடையது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சப்படும் அக்கூழை, பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் ஊற்றிக் குடிப்பர். அது தனித்து உண்ணும் உணவன்று. உறவினரும் அயலவரும் வட்டமாக இருந்து குடிப்பதற்கென்றே ஏற்பட்டது. சைவ உணவினர்க்கு மச்சம் சேராத கூழும் ஆக்குவதுண்டு. வீடொன்றுக்கு அழைக்கப்பட்டவர், தேத்தண்ணீரோடு ஒரு துண்டு பனங்கட்டி தரப்பட்டால் அதனைக் கரைக்க முற்படலாகாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீரைக் குடிப்பதே முறை. பசியில்லை என்று கூறி மறுப்பது வீட்டார்க்கு மனக்குறையை உண்டாக்கும். சிறிதளவாவது உண்டு எழுவதே பண்பு.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் காணாது திரும்புவோர் சிலரே. யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகராயிருந்த நல்லூரின் பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். இன்றுள்ள ஆலயம் 1734 ஆம் ஆண்டளவில் தோன்றிப் படிப்படியாக வளர்ந்தது. ஆடவர் மேலாடை களைந்து உள்ளே செல்ல வேண்டும். பெண்டிர் அடக்கமான உடை அணிதல் வேண்டும். உள்ளே படம் எடுத்தல் ஆகாது. இவை யாவரும் அறிந்தவை. மாநாட்டினர் அங்கே சிறப்பாகக் கற்கத்தக்கது வேறொன்று. அவ்வாலயத்தின் பூசைகள் குறித்த நிமிடம் தவறாது நடைபெறுபவை. எத்துணைப் பெரிய மனிதர் வந்தாலும், வராது தாமதித்தாலும், மணி ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்கும். பத்து நிமிடப் பேச்சை நாற்பது நிமிடமாக நீட்டும் வழக்கமுடையோர் ஒருமுறை அம்மணியோசையைக் கேட்டு வருவது மாநாட்டுக்கும் நன்மை பயக்கும்.

கல்வியாளராயின் மூன்று இடங்களுக்குச் செல்வது பொருந்தும். ஒன்று வண்ணார்பண்ணை. ஆறுமுக நாவலர் 1848 இல் சைவப் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நிறுவியது அங்கேதான். மற்றையது வட்டுக்கோட்டை. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கிய செமினரி அங்கிருந்தது. அதிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றினார். மூன்றாவது மானிப்பாய். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19 ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிய இடம் அது. தமிழில் அறிவியல் இயலுமா என்று மண்டபத்தில் இன்றும் விவாதிப்போர், அரைமணி நேரப் பயணத்தில் அவ்வினாவுக்கு விடை காணலாம்.

கடலைக் காணாமற் கடல்நகரைக் கண்டதாகாது. மாலை வேளையில் பண்ணைப் பாலத்தருகே நடப்பதற்குச் செலவொன்றும் இல்லை. மேலை வானம் சிவக்க, இடுப்பளவு நீரில் நடந்து வலைகளைப் பார்வையிடும் மனிதரின் உருவம் கரியதாகத் தோன்றும். முழுநாள் ஒன்று கையில் இருப்பின் தீவுகளுக்குச் செல்லலாம். பண்ணைத் தாம்போதி வழியே வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தால், அங்கிருந்து படகேறிச் சிறிது நேரத்தில் நயினாதீவு சேரலாம். நாகபூசணி அம்மன் கோயிலும், பௌத்தர்கள் போற்றும் நாகதீப விகாரையும் அச்சிறு தீவிலே அருகருகே உள்ளன. ஒரே படகில் இரு சமயத்தாரும் இரு மொழியாரும் நெருங்கி அமர்ந்து செல்வதைக் காணலாம். நெடுந்தீவுக்குச் செல்ல ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம் வேண்டும். பவளக்கற்களால் அடுக்கிய மதில்களும் கட்டாக்காலிக் குதிரைகளும் பெருக்கமரமும் அங்கு உள. திரும்பும் படகு எந்நேரம் என்பதைக் கரையிலேயே கேட்டறிந்துகொள்ள வேண்டும். மறுநாட்காலை கட்டுரை வாசிக்க வேண்டியவர் கடைசிப் படகை நம்பியிருத்தல் விவேகமன்று. கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும்.

இனி, போரின் தடங்களைக் காண்போர்க்குரிய ஒழுக்கம். 1619 இல் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராகக் கைப்பற்றிய இந்நகரில், ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணக் கோட்டை 1990 ஆம் ஆண்டுப் போரிலே பெரிதும் சிதைந்தது. அதன் மதிலின்மேல் நின்றால் கடலும் நகரும் ஒருங்கே தெரியும். கண்டி வீதியில் வருவோர் முகமாலைப் பகுதியில் எச்சரிக்கைப் பலகைகளைக் காண்பர். கண்ணிவெடிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்த நிலம் அது. பலகை நட்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடியேனும் இறங்கலாகாது. இடிந்த வீட்டின் முன்னே நின்று சிரித்தபடி படம் எடுத்தலும் ஆகாது. அவ்வீட்டின் உரிமையாளர் அயலிலேயே நிற்கக்கூடும்.

உடன்பயணிப்போரிடமும் முச்சக்கரவண்டி ஓட்டுநரிடமும், "உங்கள் வீட்டில் யார் இறந்தார்கள்?" என்று வினவுதல் தவறு. அவர்கள் தாமாகவே சொல்வாராயின் இடைமறியாது கேட்டல் வேண்டும். கேட்டவற்றை உடனே அரசியல் வாதமாக்காதிருத்தலும் வேண்டும். சோனகத் தெருவுக்குச் செல்வோர்க்கும் இது பொருந்தும். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள், சில மணி நேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். பல ஆண்டுகளின் பின்னர் திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே மீண்டும் வாழத் தொடங்கின. ஊர் என்பது இழந்தவர்களின் கூட்டம். அவ்விழப்புகளுள் ஒன்றை மாத்திரம் கேட்டுச் செல்பவர் ஊரைப் பாதியளவே கேட்டவராவர்.

மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பொது நூலகம் தென்படும். ஊரவர் சிலரின் முயற்சியால் 1930களில் ஒரு சிறு வாசகசாலையாகத் தொடங்கியது அது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனை பெற்று, திராவிடக் கட்டட மரபில் எழுப்பப்பட்ட அம்மாளிகை 1959 இல் திறந்துவைக்கப்பட்டது. 1981 மே 31 ஆம் திகதி இரவு அதற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், கிடைத்தற்கரிய ஏடுகள் உட்பட, சாம்பராயின. தீயைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அவ்வதிர்ச்சியால் உயிர் நீத்தார். பின்னர் கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுந்தது. நூல்கள் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. அங்கே செல்லும் விருந்தினர், அது நினைவுச்சின்னம் மாத்திரமன்று, பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் அமர்ந்திருக்கும் வாசகசாலையும் ஆகும் என்பதை மறத்தலாகாது. பார்வையாளர்க்கு உரிய நேரத்தைக் கேட்டறிந்து, காலடியோசை எழாது நடந்து, பார்த்து மீளவேண்டும்.

நூலகத்தின் அயலிலேயே, முனியப்பர் கோயிலும் வீரசிங்கம் மண்டபமும் உள்ள சூழலில், ஒரு நினைவுத்தூபி உண்டு. மாநாட்டினர் தவறாது சென்று நிற்க வேண்டிய இடம் அது. கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1964 இல் தோன்றிய உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் நான்காவது மாநாடு, 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. ஊர் முழுவதும் தோரணங்கட்டி அதனை வரவேற்றது. அறிஞரின் கட்டுரைகள் எல்லார்க்கும் விளங்கியிருக்க மாட்டா. ஆயினும் தம் மொழிக்கு நடக்கும் விழா என்று தோட்டக்காரரும் மீனவரும் மாணவரும் குடும்பத்தோடு வந்தனர். ஜனவரி 10 ஆம் திகதி இரவு நடந்த நிறைவுக் கூட்டத்தை மண்டபம் கொள்ளாததால் மக்கள் வெளியே திரண்டிருந்தனர். பொலிஸார் கூட்டத்தைக் கலைக்க முற்பட்டபோது எழுந்த குழப்பத்தில் மின்கம்பிகள் அறுந்து வீழ்ந்தன. ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்கள் கட்டுரை வாசிக்க வந்தவர்கள் அல்லர், கேட்க வந்தவர்கள்.

மாநாட்டுக்கு வருவோர் யாழ்நகரை ஏன் காண வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டியதில்லை. அன்று ஊர் மாநாட்டைத் தேடி வந்தது. இன்று மாநாட்டினர் ஊரைத் தேடிச் செல்வது முறை. மண்டபத்தில் எவ்வளவு உயர்ந்த கருத்துகள் பேசப்பட்டாலும், அவற்றை யாருக்காகப் பேசுகிறோம் என்பது படலைக்கு வெளியே ஒழுங்கையில் நடந்தாலன்றி விளங்காது. ஆகவே நிகழ்ச்சிநிரலில் அரைநாளேனும் எவ்வித அமர்வும் இல்லாது விட்டு வைக்குமாறு அமைப்பாளரைக் கேட்டுக்கொள்வது நன்று. அவர்கள் மறுப்பின், நீண்ட நன்றியுரையின்போது வெளியேறுவதும் பெருங்குற்றம் ஆகாது.

ஊர் திரும்பும்போது வாங்கிச் செல்லத்தக்கவை பல உண்டு. பனங்கட்டி, பினாட்டு, ஒடியல், பனையோலைப் பெட்டி ஆகியவற்றை வாங்கினால் அப்பணம் பனையை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் செல்லும். உரிய காலத்தில் வந்தவர் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தையும் சுவைத்துச் செல்லலாம். ஆனால் கொண்டுசெல்வதைப் பற்றி நினைப்போர், கொண்டுவருவதைப் பற்றியும் சிறிது நினைத்தல் வேண்டும். மலர்மாலையும் பொன்னாடையும் மறுநாளே பயனற்றுப் போவன. தாம் எழுதிய நூலின் ஒரு பிரதியை, எழுதாதவராயின் தாம் விரும்பிப் படித்த நூலின் ஒரு பிரதியை, பயணப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து பொது நூலகத்திற் சேர்ப்பித்துச் செல்வாராக. எரிந்தவற்றுக்கு அது ஈடாகாது. எனினும், என்றோ ஒரு மாலையில் பாடசாலை விட்டு வரும் பிள்ளை ஒன்று அந்நூலைத் தட்டிலிருந்து எடுத்து விரிக்கும். மாநாட்டு மண்டபத்தின் விளக்குகள் அணைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும் அவ்விருந்தினரின் பேச்சு யாழ்ப்பாணத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும்.